அனுப்புமுன் பார்த்தது யார்? ஊவாத் தோட்ட முதியோரும் தவிர்க்கக்கூடிய வைத்தியசாலை அனுமதியும்

முதியவர் ஒருவரை வைத்தியசாலைக்கு அனுப்பியது தேவையற்றது என்று தீர்ப்பளிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் விடுதிக் கட்டிலிலிருந்து பின்னோக்கிப் பார்க்கின்றன. வந்தது சிறுநீர்த் தொற்று அல்லது நீரிழப்பு, இரண்டு நாளில் வீடு திரும்பினார், ஆகவே வந்திருக்கவே வேண்டியதில்லை என்பது அவற்றின் தர்க்கம். தாதியர் இராப்பகலாக இருக்கும் முதியோர் இல்லங்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஊவாவின் பதுளை மாவட்டத் தோட்டங்களிலோ ஓய்வுபெற்ற தொழிலாளியின் முதியோர் இல்லம் அவர் வாழ்ந்த லயம் எனும் வரிசைக் குடியிருப்புத்தான். பராமரிப்பவர் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் மகளோ மருமகளோதான். பசறை, லுணுகலை, கொஸ்லந்தைப் பக்கத்து லயங்களிலிருந்து பதுளைக்கோ தியத்தலாவைக்கோ வரும் முதியவரை அந்த அளவுகோலால் அளந்தால் பழி குடும்பத்தின்மேல் விழுகிறது. அனுப்பிய இடத்தில், அனுப்பிய வேளையில், நோயாளியைப் பார்த்துக் கணிக்கத் தகுதியுள்ள ஒருவர் இருந்தாரா என்பதே உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வளவுகோலின் சாயலைப் பழைய சட்டமொன்றிலேயே காணலாம். தோட்ட வைத்திய வரலாற்றில் ஒரு வலுவான ஆய்வுப் போக்கு, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை உழைப்பைத் தோட்டத்துக்குள் கட்டிவைக்கும் கருவியாக மட்டும் வாசிக்கிறது. தோட்ட முதலீட்டின் நலன் அதில் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்ட நிருவாகியான துரைமீது அது சுமத்தும் கடமைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கிறார்கள் என்று அவர் அறிந்திருக்க வேண்டும். உடனடி நிவாரணத்துக்கு ஆவன செய்ய வேண்டும். கடும் நோயென்றால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைப்பிக்க வேண்டும். அவ்வதிகாரி கோரினால் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இக்கடமைகள் எவ்வளவு நிறைவேறின என்பது வேறு கேள்வி. சட்ட வாசகத்தை லயத்து வாழ்வின் சாட்சியமாகக் கொள்ள முடியாது. ஆனால் கண்டறிதல், கவனித்தல், கணித்தல், அனுப்புதல் ஆகியவற்றை வெவ்வேறு படிகளாகச் சட்டம் பிரித்தறிந்தது. அனுப்புதலை வைத்தியரின் கணிப்போடு பிணைத்தது. உழைப்புக் கட்டுப்பாட்டை மட்டும் தேடும் வாசிப்புக்கு இது தென்படுவதில்லை.

அச்சட்டத்தின் மௌனமும் கவனத்துக்குரியது. பிரசவித்த பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தனிக் கடமை விதித்த அதே பட்டியலில், வேலையிலிருந்து நின்ற முதியவருக்கென்று ஒன்றும் இல்லை. தொழிலாளர் பெயரேடான செக்ரோலில் பெயர் உள்ளவரே தோட்டத்தின் பொறுப்பு என்ற மனப்பாங்குக்கு இது இடங்கொடுத்திருக்க வேண்டும் எனக் கருதுகிறேன். 1992இல் தோட்ட நிருவாகம் அரசிடமிருந்து தனியார் கம்பனிகளிடம் போயிற்று. பின்னர் சில தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. டிஸ்பென்சரி கம்பனியுடையது, கிளினிக் அரசினுடையது என்ற பிரிவினையில், செக்ரோலிலிருந்து பெயர் நீங்கிய முதியவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

கணிப்பவர் இருந்தால் என்ன மாறும் என்பதற்குக் கனடாவின் ஹமில்ட்டன் பகுதியில் 22 முதியோர் இல்லங்களில் நடந்து 2006இல் வெளியான சோதனை சான்று. சுவாசத் தொற்றுக்குள்ளானவர்களை இல்லத்திலேயே தாதி கண்காணித்து, ஒட்சிசன் அளவு பார்த்து, நீரேற்றமும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்த இடங்களில் 10 சதவீதத்தினரே வைத்தியசாலைக்குப் போயினர். வழமையான பராமரிப்பில் 22 சதவீதத்தினர். இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாறாக, அமெரிக்காவின் 85 இல்லங்களை உட்படுத்தி, அவற்றில் ஒரு பகுதிக்குப் படிவங்களையும் பயிற்சியையும் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுச் சோதனையில் அனுமதி குறையவில்லை. சூழல்கள் வேறு என்பதால் இவற்றை அப்படியே லயத்துக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் சான்று சாயும் பக்கம் தெளிவு: தாளைவிட ஆளே முக்கியம்.

2018இல் ஊவாவுக்கு விரிந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை போதாதா என்பர். அது பயணத்தை விரைவாக்குகிறது. பயணம் வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. தோட்டத்திலேயே பார்ப்பது மலையக முதியவருக்கு இரண்டாந்தர வைத்தியமாகிவிடும் என்ற அச்சம் கனதியானது. மாரடைப்பும் பக்கவாதமும் இடுப்பெலும்பு முறிவும் தாமதமின்றிப் போகவே வேண்டும். அவற்றைப் பிரித்தறியவும் அங்கே கணிப்பவர் தேவை. அரசிலிருந்து பிரிந்த தனித் தோட்டச் சுகாதார முறை மீளும் என்ற ஆட்சேபம், கணிப்பவர் அரச ஊழியராயின் நிற்காது. ஆகவே ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களம் முதலில் செய்யவேண்டியது தோட்டத் தொகுதிதோறும் இரவிலும் பணியிலிருக்கும் தாதி ஒருவரை நியமித்து, வைத்தியரோடு தொலைபேசியில் கலந்து முடிவெடுக்கும் அதிகாரத்தை அவருக்கு அளிப்பதாகும். அதுவரை இம்முதியோரின் அனுமதிகளைத் தேவையற்றவை என்று வகைப்படுத்துவது நியாயமாகாது.