ஓர் ஏக்கச் சொல்லின் வரலாறு

ஸ்பானிய மொழி பேசுவோர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘ஒஹலா’ என்பதும் ஒன்று. மழை வேண்டும் உழவர், மகன் வரவை எதிர்நோக்கும் தாய், தேர்வெழுதிய மாணவர் என அனைவர் நாவிலும் அது பயில்கிறது. ‘அவ்வாறே ஆகுக’ என்பது அதன் பொருள். தொடர்ந்து வரும் வினையின் வடிவத்திற்கேற்ப அதன் பொருள்நுட்பம் மாறும். ‘மழை பெய்க’ என்னும் நம்பிக்கையையும், ‘மழை பெய்திருக்கலாகாதா’ என்னும் ஏக்கத்தையும் அவ்வொரு சொல்லே உணர்த்தும்.

இச்சொல் அரபு மொழியின் கொடை. ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதன் திரிபே இஃது எனப் பலர் கருதுவர். ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதியோ, ஸ்பெயினில் வழங்கிய அரபின் ‘லௌ ஷா அல்லாஹ்’ என்னும் தொடரை மூலமாகக் காட்டுகிறது. இரண்டும் ‘இறைவன் நாடினால்’ என்றே பொருள்படும். எனினும் ‘இன்’ நிகழக்கூடியதைச் சுட்டும். ‘லௌ’ கைகூடாததையும் அரிதிற் கூடுவதையும் சுட்டும். ஏக்கம் இச்சொல்லோடு உடன்பிறந்தது எனலாம்.

கி.பி. 711இல் ஐபீரியத் தீபகற்பத்தில் கால்கொண்ட முஸ்லிம் ஆட்சி, 1492இல் கிரனாதாவின் வீழ்ச்சியோடு முடிவுற்றது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சர்க்கரை, பருத்தி, எண்ணெய், வாய்க்கால், தலையணை ஆகியவற்றைக் குறிக்கும் அரபுப் பெயர்கள் ஸ்பானியத்தில் இடம்பெற்றன. பொருளோடு பெயர் வருதல் இயல்பு. ஒஹலாவோ எப்பொருளோடும் வந்ததன்று. அருகருகே வாழ்ந்த மக்களின் பேச்சிலிருந்து வந்தது.

கிரனாதா வீழ்ந்தபின் அங்கே அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை விதித்தது. அதனை எதிர்த்து 1568இல் எழுந்த கிளர்ச்சி 1571இல் அடக்கப்பட்டது. கிறித்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழியினரான மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர், 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர்.

அக்காலத்தில் ‘ஒஷலா’ என ஒலித்த இச்சொல்லை அத்தடை தீண்டவில்லை. ஸ்பானியத்தின் ஷகர ஒலி பின்னர் ஹகரமாகத் திரிந்தபோது, தாய்மொழிச் சொற்களைப் போன்றே இதுவும் திரிந்தது. போர்ச்சுகீசியத்தில் பழைய ‘ஒஷலா’ இன்றும் நிலைத்துள்ளது.

இறைவன் பெயர் அதன் ஈற்றில் கரைந்து நிற்பதை நினையாமலே, இறைமறுப்பாளரும் இன்று அதனை வழங்குகின்றனர். சொல் எஞ்சியது, அதனை ஈந்த மக்கள் மீளவில்லை. ஒரு மொழியை ஆணையால் ஒழிக்க முற்பட்டோர் வென்றதன் எல்லையையும், அவ்வெற்றிக்கு மாந்தர் கொடுத்த விலையையும் இச்சிறு சொல் ஒருங்கே காட்டுகிறது.