விழுந்தால் வீட்டுக்கு

‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.’ அண்ணா முதல்வராக இருந்த 1968இல் தமிழக அரசின் பரிசுச் சீட்டு வந்தபோது கூடவே வந்த வாசகம் இது. தோற்றவனையும் கொடையாளி ஆக்கி அனுப்பிய வாசகம். அதற்கு முந்தைய ஆண்டே கேரளம் தொடங்கிவிட்டது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26.

அரசே லாட்டரி நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1813இல் முடிந்த கல்கத்தா டவுன் ஹால் லாட்டரிப் பணத்தில் எழுந்ததுதான். வரி என்றால் ஜனம் முறைக்கும். சீட்டு என்றால் வரிசையில் நின்று கொடுக்கும். கம்பெனிக்காரர்கள் கண்டுகொண்ட இந்தச் சூட்சுமத்தைத்தான் சுதந்திர இந்தியாவின் மாநிலங்களும் கையில் எடுத்தன.

நம் அரசியலமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால், அரசு நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலில், 40ஆவது இனமாக உட்கார்ந்திருக்கிறது. தெருமுனையில் சீட்டாடுபவனை மாநில போலீஸ் பிடிக்கலாம். இன்னொரு மாநிலம் அச்சடித்த லாட்டரியைத் தொடுவது அவ்வளவு சுலபமில்லை.

விளைவு தொண்ணூறுகளின் தமிழகத் தெருக்களில் தெரிந்தது. சிக்கிம், நாகாலாந்து, ஏன், பூட்டான் சீட்டுகூட இங்கே விற்றது. வரி வருமானம் குறைந்த மலை மாநிலங்களுக்குக் காசு வேண்டும். இங்கே ஜனத்தொகை இருந்தது. நடுவில் மொத்த ஏஜெண்டுகள். தமிழக அரசின் சீட்டு 1975இல் நிறுத்தப்பட்டு எண்பதுகளில் திரும்பி வந்திருந்தது. ஆனால், ஆளை விழுங்கியது அதுவல்ல, ஒற்றை எண் லாட்டரி. பம்பர் பரிசு கனவு மட்டும்தான், அதைக் கண்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஒற்றை எண்ணில் பத்துக்கு ஒன்று என்ற வாய்ப்பு. ‘நேத்து ஆறு விழுந்துச்சு, நான் அஞ்சு வெச்சிருந்தேன்’ என்று புலம்ப வைக்கும் நெருக்கம் அது. அந்த நெருக்கம்தான் கூலிக்காரரை மறுநாளும் கூட்டிவந்தது.

1998இல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது, குலுக்கலை அரசே நடத்த வேண்டும், ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான், ஆண்டுக்கு ஆறு பம்பருக்கு மேல் கூடாது. ஐந்தாவது பிரிவு, வேறு மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு நிபந்தனை போட்டது: தானே லாட்டரி நடத்தும் மாநிலம் அடுத்தவர் சீட்டைத் தடுக்க முடியாது. அதாவது, பக்கத்துக் கடையை மூட வேண்டுமென்றால் முதலில் உன் கடையை மூடு.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் ஒரேயடியாகத் தடை செய்ததன் பின்னணி இதுதான். தன் வருமானத்தை விடாமல் மற்றதைத் தடுக்க வழியில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. வாரம் ஒரு குலுக்கல்தானே? ஏழு நாளுக்கு ஏழு பெயரில் லாட்டரி நடத்தினால் தினமும் குலுக்கலாம். கிண்டலாகத் தோன்றினாலும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘காருண்யா’ லாட்டரியின் பணம் ஏழைகளின் சிகிச்சைக்குப் போனது. நடக்க முடியாத எத்தனையோ பேருக்குச் சீட்டு விற்பதுதான் பிழைப்பு.

தடை போட்ட இங்கே ஆசை நின்றதா? 2023இல் கேரளத்தின் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர் திருப்பூரைச் சேர்ந்த நான்கு பேருக்கு விழுந்தது. சீட்டு வாளையாறில் வாங்கியது. இன்னொரு பக்கம், கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்துத் தமிழகத்தில் திருட்டுத்தனமாக ‘மூணு நம்பர் லாட்டரி’ ஓடுகிறது. அதில் ஏமாற்றினால் கேட்க நாதியில்லை. தோற்ற காசு நாட்டுக்கும் போவதில்லை.

அதற்காகத் தடை தப்பு என்று சொல்லிவிட முடியாது. முச்சந்திக்கு முச்சந்தி கடை இருந்த காலத்தில், கூலி வாங்கி வீடு திரும்பும் வழியெல்லாம் அரசின் முத்திரையோடு ஒரு கை நீண்டிருந்தது. இன்று அந்தக் கையைத் தேடிப் போக வேண்டும். சட்டத்தால் இவ்வளவுதான் முடிந்தது.

மருத்துவமனை கட்டுவது நல்ல காரியம். ஆனால், அதற்கான காசை யாரிடம் கேட்கிறோம்? வருமான வரி இருப்பவரிடம் கேட்கிறது. லாட்டரி, தன் நிலை மாற வேறு வழி தெரியாதவரிடம் கேட்கிறது. அவரும் சந்தோஷமாகக் கொடுக்கிறார் என்பதுதான் இதில் சங்கடமான விஷயம்.