ஈற்றடி எழுதிய வாசகி
(தொடர்படங்களும் செய்தித்தாள் போட்டிகளும், 1912–1915)

ஈற்றடியைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் வழக்கம் நம் அவைகளுக்குப் புதிதன்று. முடிவு முன்னரே நிற்கும். அதனை நோக்கி ஏனைய அடிகள் நடந்து வரவேண்டும். நம் வட்டத்தின் கூட்டங்களிலும் இவ்விளையாட்டில் பொழுது போனது தெரியாமல் அமர்ந்திருந்ததுண்டு. இதற்கு நேர்மாறான போட்டி ஒன்று 1914ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. அங்கே முன்னடிகள் எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. ஈற்றடியை மட்டும் வாசகர் எழுதவேண்டும். பரிசு பத்தாயிரம் டாலர். அறிவித்தவை செய்தித்தாள்கள், ஈற்றடிக்காகக் காத்திருந்தது ஒரு திரைப்படம்.

அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஒரு சுருள் அல்லது இரண்டு சுருள் நீளமே உடையவை. ஒரு சுருள் ஓடி முடியப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சிறு அரங்குகள் பல நாள்தோறும் படத்தை மாற்றின. இன்று வந்து நாளை போகும் படத்திற்கு விளம்பரம் செய்து பயன் என்ன? மக்கள் ஒரு படத்தைத் தேடிச் செல்லவில்லை. 'படம்' பார்க்கச் சென்றனர். ஒரே கதையைப் பல பகுதிகளாக்கி, மாதந்தோறும் பின்னர் வாரந்தோறும் வெளியிடும் முறை வந்தபோதுதான் 'அடுத்த பகுதிக்கு வாருங்கள்' என்று கூவுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது. கூவுவதற்கு ஏற்ற குரல் செய்தித்தாளிடம் இருந்தது. செய்தித்தாளுக்கும் நாளைக்கு வாசகர் திரும்பி வரவேண்டும் என்ற அதே கவலைதான்.

முதல் முயற்சி ஒரு மகளிர் இதழில் தொடங்கியது. எடிசன் நிறுவனத்தார் 1912 ஜூலைத் திங்களில் 'மேரிக்கு என்ன நேர்ந்தது?' என்னும் பொருளமைந்த பெயருடன் பன்னிரு பகுதிகள் கொண்ட படவரிசையை வெளியிடலாயினர். மேரி ஃபுல்லர் என்னும் நடிகையார் தலைவியாக நடித்தார். அதே கதை 'தி லேடீஸ் வோர்ல்ட்' இதழில் மாதந்தோறும் அச்சேறியது. தலைவியை ஓர் இக்கட்டில் நிறுத்திவிட்டு, அடுத்த இருபது நிமிடத்தில் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை முந்நூறு சொற்களுக்குள் எழுதுமாறு இதழ் வாசகரைக் கேட்டது. பரிசு நூறு டாலர். படத்தின் பெயரே போட்டியின் வினாவாகவும் அமைந்தது.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அவ்வினாவிற்கு விடை முன்னரே முடிவாகியிருந்தது. வாசகரிடம் கேட்கப்பட்டது புனைவன்று; ஊகம். மூடிய கைக்குள் இருப்பது என்ன என்று குழந்தையிடம் கேட்பது போன்றது அது.

1913 டிசம்பர் இறுதியில் சிகாகோ டிரிப்யூன் நாளேடும் செலிக் நிறுவனமும் கைகோத்துக் 'கேத்லினின் வீரச்செயல்கள்' என்ற பதின்மூன்று பகுதித் தொடரைக் கொண்டுவந்தன. அப்போது சிகாகோ நகரத்து நாளேடுகளுக்கிடையே விற்பனைப் போர் மூண்டிருந்தது. ஹெர்ஸ்டின் ஏடுகளை முந்துவதற்கு டிரிப்யூன் எதையும் செய்து பார்க்கும் நிலையில் இருந்தது. கதை அச்சில் வரும். அதே காலத்தில் அரங்கில் படமும் ஓடும். படித்தவர் பார்க்கவும், பார்த்தவர் படிக்கவும் தூண்டப்பெற்றனர். கதை நிகழும் இடம் இந்தியாவாம்! 'அல்லாஹா' என்றொரு சமஸ்தானம், அதற்கு அமெரிக்கப் பெண்ணொருத்தி அரசி. செலிக்கின் விலங்குக் கூடத்துப் புலிகளும் யானைகளும் இந்தியக் காட்டை அங்கே உண்டாக்கின. நாம் இல்லாத நம் நாடு.

போட்டியில் தோற்க விரும்பாத ஹெர்ஸ்டின் ஏடுகள் பாத்தே நிறுவனத்துடன் சேர்ந்து 1914 மார்ச்சில் 'பாலினின் இடுக்கண்கள்' என்ற இருபது பகுதித் தொடரைத் தொடங்கின. பேர்ள் ஒயிட் என்ற நடிகையாரை உலகறியச் செய்த படம் இது. கதையையொட்டிய வாசகர் போட்டிகளுக்கென மொத்தம் இருபத்தையாயிரம் டாலர் ஒதுக்கியதாக விளம்பரம் செய்தனர்.

இவற்றிற்கெல்லாம் மேலாக நிற்பது நான் முதலில் சுட்டிய போட்டி. நியூயார்க்கை அடுத்த நியூ ரோஷெல் ஊரில் இயங்கிய தான்ஹவுசர் நிறுவனம் 1914 ஜூன் திங்களில் 'பத்து லட்சம் டாலர் மர்மம்' என்னும் தொடரை வெளியிடத் தொடங்கியது. லாய்ட் லோனர்கன் திரைக்கதை அமைத்தார். ஹெரல்டு மக்ராத் அதனைக் கதையாக எழுத, டிரிப்யூனும் நாடெங்கும் வேறு பல செய்தித்தாள்களும் வாரந்தோறும் வெளியிட்டன. ஹார்கிரீவ் என்ற செல்வர் பத்து லட்சம் டாலருடன் மறைந்துபோகிறார். அவர் மகள் ஃபுளோரன்ஸை ஒரு சதிக்கூட்டம் சூழ்கிறது. அவளுக்குத் துணைநிற்பவன் யார் தெரியுமா? ஒரு செய்தித்தாள் நிருபன்! தன் செலவில் வளரும் கதையில் தன் இனத்தானையே தலைவனாக்கிக்கொள்ளும் உரிமை செய்தித்தாளுக்கு உண்டு போலும்.

இருபத்திரண்டு பகுதிகள் வந்தபின் கதை நின்றது. செல்வர் என்ன ஆனார்? பணம் எங்கே? ஃபுளோரன்ஸ் யாரை மணக்கிறாள்? சதிக்கூட்டத்து ருஷ்யச் சீமாட்டியின் கதி என்ன? இந்நான்கு முடிச்சுகளையும் ஏறத்தாழ நூறு சொற்களில் அவிழ்த்து எழுதுவோருக்குப் பரிசு. வென்றவரின் முடிவே இருபத்து மூன்றாம் பகுதியாகப் படமாக்கப்படும். அத்தொகையின் பெருமையை உணர ஓர் ஒப்பீடு: அதே 1914 ஜனவரியில்தான் ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தருவதாக அறிவித்து நாட்டையே வியக்கச் செய்தார். அவ்வூதியத்தில் ஈராயிரம் நாள் உழைப்பின் பயன், நூறு சொற்களுக்கு. ஒரு சொல்லுக்கு நூறு டாலர் என்றால் நம் கவிஞர் பெருமக்கள் பெருமூச்சு விடுவார்கள் என்பதை அறிவேன்.

வென்றவர் செயின்ட் லூயிஸ் நகரத்து ஐடா டேமன். அலுவலகச் சுருக்கெழுத்தாளர். பிறர் சொல்லச் சொல்ல எழுதுவதே அவர் தொழில். நாள் முழுதும் இன்னொருவரின் சொற்களைத் தாளில் இறக்கிய கை, ஒரு முறை தன் சொற்களை எழுதிற்று. மேரி, கேத்லின், பாலின், ஃபுளோரன்ஸ் எனத் தொடர்களின் தலைவியர் யாவரும் வீட்டை விட்டு வெளியே வந்து இடர்களை எதிர்கொண்ட பெண்கள். அவர்களைத் திரையில் காண வந்தோருள், அன்று புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த இளம்பெண்கள் மிகுதி. இக்கதைக்கு அத்தகைய ஒருத்தியே முடிவெழுதியதைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் அம்முடிவு யாருடையது? நன்னூலின் பொதுப்பாயிரமும் சிறப்புப்பாயிரமும் வகுத்துப் பேசும் மரபில், ஆக்கியோன் பெயர் முதலாகச் சொல்லப்படுவனவற்றுள் கேட்போரும் ஓர் உறுப்பு. கேட்போர் இல்லாமல் நூல் இல்லை. ஆனால் கேட்போர் ஆக்கியோர் ஆவதில்லை. தான்ஹவுசரின் போட்டி இவ்வெல்லையை ஒரு பகுதியளவிற்கு அழித்தது. உடனே மீண்டும் வரைந்தும்கொண்டது. பரிசுத்தொகை கைமாறியதும் சொற்கள் நிறுவனத்தின் உடைமை. நூலாக வெளிவந்தபோது ஆசிரியர் பெயராக நின்றது மக்ராத்தின் பெயரே. இதனை வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். விதிகளை அறிந்தே எழுதினார். ஆனால் வாசகருக்குப் பேனாவைக் கொடுத்தோம் என்ற விளம்பரத்தை, அப்பேனா எத்தனை நாள் அவர் கையில் இருந்தது என்பதோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

அடுத்த போட்டி இன்னும் தெளிவானது. 'வானத்து வைரம்' என்னும் 1915ஆம் ஆண்டுத் தொடருக்குக் கதை வேண்டி டிரிப்யூனும் அமெரிக்கன் நிறுவனமும் மீண்டும் பத்தாயிரம் டாலர் அறிவித்தன. பரிசு பெற்றவர் ராய் மக்கார்டெல். நியூயார்க்கின் கைதேர்ந்த பத்திரிகையாளர், பல ஆண்டுகளாகப் படங்களுக்குக் கதை எழுதிப் பழகியவர். எழுதிப் பழகிய கைக்கே பரிசு போவது நம் போட்டிகளிலும் காண்பதுதான். எனினும் சுருக்கெழுத்தாளர் நுழைந்த வாயில் ஓராண்டிற்குள் குறுகிவிட்டதைக் காணாதிருக்க இயலவில்லை.

இத்தொடர்படங்களின் வழிவந்தவை நம் ஊர்களுக்கும் வந்தன. எட்டி போலோவின் சாகசத் தொடர்களுக்குத் தமிழகத்துக் கொட்டகைகளில் பெருங்கூட்டம் கூடிற்று. ஆனால் படம் வந்தது; போட்டி வரவில்லை. அங்கே கதையைச் சொன்னது செய்தித்தாள். இங்கே சொன்னவர் திரையருகில் நின்று உரத்த குரலில் விளக்கிய 'விளக்குநர்'. எழுத்தறியாதோர் நிறைந்த அவையில் அவர் குரலே அச்சாயிற்று.

தமிழ் இதழியலில் போட்டி வேறு வழியாக நுழைந்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் குறுக்கெழுத்துப் போட்டிகளால் இதழின் விற்பனையைப் பெருக்கினார். அவரே பின்னர்ப் படவுலகில் பெருந்தயாரிப்பாளரானார். 1939இல் கல்கியின் 'தியாக பூமி', கே. சுப்ரமணியம் இயக்கிய படத்தின் ஒளிப்படங்களுடன் விகடனில் தொடராக வந்தது. அச்சும் திரையும் கைகோத்த இம்முறை சிகாகோவில் தோன்றியதற்கு உடன்பிறப்பு எனலாம். ஆனால் கதையின் முடிவை எழுத இங்கே வாசகர் அழைக்கப்படவில்லை. வாசகருக்குக் கட்டங்கள், முடிவு ஆசிரியருக்கு.

கட்டங்களின் பரிசுகள் நாடெங்கும் பெருகிச் சூதாட்டத்தை நெருங்கவே, 1955இல் நடுவணரசு பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயை மிஞ்சலாகாது என்று அது வரையறுத்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியபோது ஒரு கோடு கிழித்தது: வெற்றி பெரும்பாலும் திறனைச் சார்ந்த போட்டிகளை அச்சட்டம் தொடாது; தற்செயலை நம்பிய போட்டிகளையே கட்டும்.

ஐடா டேமனின் நூறு சொற்களை அக்கோட்டின் எப்பக்கத்தில் வைப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. அச்சொற்களிலிருந்து எடுக்கப்பட்ட இருபத்து மூன்றாம் பகுதியைத்தான் இனிப் பார்க்க முடியாது. தான்ஹவுசர் தொடரின் சுருள்கள் அழிந்துபோயின.