ஏசெல் திட்டம்

ஏசெல் என்பது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இளநிலை அறிவியல் செய்முறை வகுப்புகளை, அவற்றைச் செய்யும் மாணவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தியமைக்கும் கூட்டுத் திட்டம். 2000ஆம் ஆண்டையொட்டி இயற்பிய வேதியியலுக்கென்று தொடங்கி, வேதியியல் முழுமைக்கும் விரிந்து, பின்னர் இயற்பியலையும் உயிரியலையும் சேர்த்துக்கொண்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்காட் கேபிள், அதே பல்கலைக்கழகத்தின் மஞ்சுளா சர்மா, அடிலெய்டில் பணியாற்றிய மார்க் பன்டைன் ஆகியோர் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள்.

பருவ இறுதியில் பாடம் முழுவதற்கும் ஒரே படிவத்தை நிரப்பச் சொன்னால், எந்தச் சோதனை சறுக்கியது என்று தெரியாது. ஏசெல் படிவம் ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியாக விசாரிக்கிறது. கையேடு தெளிவாக இருந்ததா, பயிற்றுநர் உதவினாரா, மதிப்பெண் எதற்கென்று புரிந்ததா என்ற கேள்விகளுக்கு ஐந்து படிநிலைகளில் பதில். அதன்பின் மாணவர் தம் சொற்களில் எழுத இடம்.

நேரம் பற்றிய கேள்விக்கு அளவுகோல் வேறு. அதில் நடுப்புள்ளியே நல்ல பதில். ஒருபுறம் நேரம் மிகுதி, மறுபுறம் போதாது. பாதிப்பேர் மிகுதி என்றும் பாதிப்பேர் போதாது என்றும் சொன்னால், சராசரி எல்லாம் சரி என்று காட்டிவிடும். ஆகவே பதில்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எழுதியிருப்பதையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால், ஒரே நிறமாலைமானிக்குப் பத்துப் பேர் காத்து நின்றிருக்கலாம். கரைசல் தயாரிப்பதிலேயே முதல் மணி நேரம் போயிருக்கலாம். முதலாவதற்குக் குழுக்களை வெவ்வேறு படியில் தொடங்க வைத்தால் போதும். இரண்டாவதற்குக் கரைசலை முன்கூட்டியே கலக்கி வைக்கலாம், கரைசல் தயாரிப்பதே அன்றைய பாடமாக இல்லாவிட்டால்.

திட்டத்தின் உயிர்நாடி அதன் பயிலரங்கு. வேறொரு பல்கலைக்கழகம் கொண்டுவந்த சோதனையைப் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக நின்று செய்து பார்த்து, பிறகு கூடிப் பேசுகிறார்கள். ‘தேவையான அளவு நீர் சேர்க்கவும்’ என்ற வரி கையேட்டை எழுதியவருக்குத் தெளிவு. குடுவையும் கையுமாக நிற்பவருக்கு அப்படியல்ல. அந்தத் தடுமாற்றத்தை ஆசிரியர் தம் கையாலேயே உணர்வது எந்தப் படிவத்தாலும் கிடைக்காத பயன்.

ஆனால் ஒரு சோதனை பிடித்திருந்ததாலேயே மாணவர் கற்றுக்கொண்டார் என்று ஆகாது; மாணவர் கருத்தை மட்டும் கேட்பதன் குறை இது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வகங்களுக்காக உருவான ஈ-கிளாஸ் கருத்துக்கணிப்பு இந்தக் குறையை வேறு வழியில் அணுகுகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் தாம் நினைப்பதையும், ஆய்வு செய்யும் இயற்பியலாளர் என்ன சொல்வார் என்று கருதுவதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் இதே கேள்விகள் கேட்கப்படுவதால், இடையில் அந்த இரண்டும் நெருங்கினவா, விலகினவா என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.