எரிந்துபோன ஒன்பது கார்கள்

ஜாகுவார் நிறுவனத்தின் எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற விளையாட்டுக் கார் உலகின் மிக அரிய கார்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 1957இல் வெளிவந்தவை 16 மட்டுமே. ஆனால் இந்த எண்ணிக்கையை எவரும் திட்டமிடவில்லை. விற்பனையாகாத சரக்கும் ஒரு தீ விபத்தும் சேர்ந்து நிர்ணயித்த கணக்கு அது.

இக்காரின் மூலம் டி-டைப் என்ற பந்தயக் கார். பிரான்ஸின் லு மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் போட்டியில் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்றது டி-டைப்பே. அவற்றுள் முதல் வெற்றி இரத்தக்கறை படிந்தது. 1955 ஜூன் 11ஆம் திகதி, மைக் ஹோதோர்ன் தமது ஜாகுவாரைத் தரிப்பிடத்தில் நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த ஒஸ்டின்-ஹீலி சட்டென விலகியது. அதன்மீது மோதிய பியர் லெவேயின் மெர்சிடிஸ் சிதறிப் பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்தது. லெவே உட்பட 80இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெர்சிடிஸ் தனது ஏனைய கார்களைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது. ஜாகுவார் தொடர்ந்து ஓடி வென்றது.

1956 பந்தயப் பருவத்துடன் ஜாகுவார் நிறுவனம் நேரடிப் போட்டிகளிலிருந்து ஒதுங்கியது. தொழிற்சாலையில் தேங்கியிருந்த 25 டி-டைப் கார்களைச் சாதாரண வீதிக்கு ஏற்றவாறு மாற்ற, நிறுவனத் தலைவர் சேர் வில்லியம் லயன்ஸ் தீர்மானித்தார். பயணிக்கு ஒரு கதவு, அகன்ற முன்கண்ணாடி, மடக்கக்கூடிய கூரை ஆகியன சேர்க்கப்பட்டன. சாரதியின் தலைக்குப் பின்னால் நின்ற துடுப்பு அகற்றப்பட்டது. 3.4 லீற்றர் பந்தய இயந்திரம் அப்படியே இருந்தது.

1957 பெப்ரவரி 12ஆம் திகதி மாலை கொவன்ட்ரி நகரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீ மூண்டது. ஒன்பது கார்கள் எரிந்தன. எஞ்சிய 16இல் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குச் சென்றன. அவற்றுள் ஒன்றைப் பின்னர் நடிகர் ஸ்டீவ் மக்குயின் வாங்கினார். அதன்பின் அதன் புகழ் பன்மடங்கு பெருகியது.

2016இல் ஜாகுவார் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எரிந்த ஒன்பதுக்கும் ஈடாக ஒன்பது புதிய கார்கள் பழைய முறைப்படி கையால் உருவாக்கப்படும். ஒவ்வொன்றின் விலையும் 10 இலட்சம் பவுணுக்கு மேல். ஒரு காலத்தில் வாங்க ஆளின்றிக் கிடந்த சரக்கு, நெருப்பின் தயவால் பொக்கிஷமாயிற்று. அந்த நெருப்பும் பின்னர் விற்பனைக்குரிய கதையாயிற்று.

இதில் தவறேதும் இல்லை என்பர் வணிகர். நானும் அக்கைவினைஞரின் திறமையைக் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் பந்தயப் பாரம்பரியம் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் அதன் கணக்கு எனக்கு நெருடலாகவே இருக்கிறது. மூன்று வெற்றிகள் அதில் வரவு வைக்கப்பட்டுள்ளன. எரிந்த ஒன்பது கார்களும் அறுபது ஆண்டுகளின் பின் எண்ணி ஈடுசெய்யப்பட்டன. லு மானில் வேடிக்கை பார்க்க வந்து உயிரிழந்தோர் மட்டும் எந்த விற்பனைக் கதையிலும் இடம்பெறுவதில்லை. அந்தப் பாரம்பரியத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.