தராசு சொல்லாத சேதி

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபை அங்குள்ளது. ஒரு காலை மேலே உயர்த்தி மறுகாலில் நின்றாடும் ஊர்த்துவ தாண்டவம் அத்தலத்தின் சிறப்பு.

ஒற்றைக் காலில் நிற்பது எளிதன்று. மூன்று வயதுக் குழந்தை ஓரிரு வினாடிகளே நிற்கும். ஐந்து வயதில் சுமார் 10 வினாடிகள் நிற்கும். உட்செவி உடலின் நிலையை உணர்த்த, சிறுமூளை ஒழுங்குபடுத்த, தசைகள் இயங்க வேண்டும். இதையே 'இயக்க ஒருங்கிணைவு' என்கிறோம். இதில் தசை சுமக்கிறது, கொழுப்போ சுமக்கப்படுகிறது. ஆகவே உடலின் எடையோடு, அது எதனால் ஆனது என்பதும் முக்கியம். இது தெளிய நெடுங்காலம் ஆயிற்று.

1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி மனிதர்களை நீரில் அமிழ்த்தி எடை பார்த்தார். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்! கொழுப்பு மிதக்கும், தசை அமிழும் அல்லவா? எடை அட்டவணைப்படி 'மிகை எடை' கொண்ட கால்பந்து வீரர்கள் பலரிடம் தசையே மிகுந்திருக்கக் கண்டார்.

1974-இல் ஜெர்மனியில் கிப்பார்டும் ஷில்லிங்கும் சிறுவர்களுக்கு ஒரு சோதனை வகுத்தனர். குறுகிய கட்டைமீது பின்னோக்கி நடத்தல், நொண்டித் தாண்டுதல், பக்கவாட்டில் குதித்தல், பலகை மாற்றி நகர்தல் ஆகியவை அதன் பகுதிகள். நம் நொண்டியாட்டத்துக்கு உறவு எனலாம்!

தமிழ்நாட்டிலோ அப்போது பசிதான் பெருங்கவலை. 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கிராமக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்குச் சத்துணவு அளித்தனர். தராசு செய்த நற்பணி அது.

ஆனால் மெலிந்த குழந்தையிடம் கொழுப்பும் குறைவுதானா? 2003-இல் யாஜ்னிக் குழுவினரின் புனே ஆய்வு வேறுவிதமாகக் கூறியது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

2013-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு, ஜெர்மானியச் சோதனையைக் கொண்டு சிறுவர்களை ஈராண்டு கவனித்தது. மிகை எடையுள்ளோர் பின்தங்கினர், இடைவெளியும் வளர்ந்தது. தடுமாறும் குழந்தை விளையாட்டைத் தவிர்க்கிறது; விளையாடாததால் கொழுப்பு சேர்கிறது; தடுமாற்றம் மிகுகிறது. தசை வற்றிய குழந்தையும் விரைவில் களைத்து ஒதுங்குகிறது. இருவருக்கும் இழப்பு ஒன்றே.

எனவே தராசு முள் ஏறியதும் நிறைவு கொள்ளாதீர்கள். தட்டில் பருப்பும் முட்டையும் உண்டா, ஓடியாட இடம் உண்டா என்றும் பாருங்கள். அவ்வப்போது நொண்டியாடவும் சொல்லுங்கள். தராசு சொல்லாததைக் கால்கள் சொல்லும்.