மின்தேக்கி

மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து, வேண்டியபோது வெளிவிடும் மின்னணு உறுப்பு. கடைவழக்கில் கெப்பாசிட்டர், கண்டன்சர் என்றும், இலங்கைப் பாடநூல்களில் கொள்ளளவி என்றும் வழங்கும்.

அமைப்பும் இயக்கமும்

இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருள்: எல்லா மின்தேக்கிகளுக்கும் அடிப்படை இதுவே. மின்கலத்தோடு இணைத்ததும் ஒரு தகட்டில் எலக்ட்ரான்கள் சேர்கின்றன, மற்றதில் குறைகின்றன. நடுவிலுள்ள காப்பை அவை கடப்பதில்லை. தகடுகளுக்கு இடையே உருவாகும் மின்புலத்தில் ஆற்றல் தங்குகிறது. தகடுகளின் மின்னழுத்தம் மின்கலத்தின் அழுத்தத்தை எட்டியதும் மின்னோட்டம் நின்றுவிடும்.

தகட்டின் பரப்பு கூடினாலும், இடைவெளி குறைந்தாலும் மின்தேக்குத்திறன், அதாவது ஒரே மின்னழுத்தத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கும் திறன், பெருகும். காப்புப் பொருளின் தன்மையும் அதை மாற்றும். இதன் அலகு ஃபாரட். மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் அமைந்தது. ஒரு ஃபாரட் மிகப் பெரிய அளவு என்பதால், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஃபாரடும் அதனினும் சிறிய நானோஃபாரடும் பிகோஃபாரடும் புழக்கத்தில் உள்ளன.

வரலாறு

1745இல் ஜெர்மானியரான எவால்ட் ஃபான் கிளைஸ்ட்டும், அடுத்து நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் ஃபான் முஷன்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த லைடன் சாடியே முதல் மின்தேக்கி.

சுற்றுகளில் பயன்

மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். திசைமாறும் மின்னோட்டத்துக்கு வழிவிடும். அதிர்வெண் கூடக்கூட அதன் தடை குறையும். ஒலிபெருக்கிகளில் நேர்மின்னழுத்தத்தை நிறுத்தி, ஒலிக்குறிப்பை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப இப்பண்பு உதவுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தி நேர்மின்னோட்டமாக்கினால் நொடிக்கு 100 துடிப்புகள் வரும். துடிப்புகளுக்கு இடையில் மின்தேக்கி தன் மின்னூட்டத்தைத் தந்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது.

மின்தடையுடன் இணைத்தால் காலக்கணிப்புக்கும் பயன்படும்: 1 கிலோஓம், 1000 மைக்ரோஃபாரட் இணைப்பில் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 63 விழுக்காடு மின்னூட்டம் ஏறிவிடும். கூரை மின்விசிறியில் துணைச் சுருளின் மின்னோட்டக் கட்டத்தை மாற்றிச் சுழற்சியைத் தருவதும் மின்தேக்கியே. அது வலுவிழந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும்.

வகைகளும் எச்சரிக்கையும்

பீங்கான், பிளாஸ்டிக் படலம், மைக்கா, மின்பகுளி ஆகியவை முக்கிய வகைகள். அலுமினிய மின்பகுளி வகையில் மெல்லிய ஆக்சைடு படலமே காப்பு. அதனால் சிறிய உருளையிலும் அதிக மின்தேக்குத்திறன் கிடைக்கிறது. இதை நேர்முனை, எதிர்முனை பார்த்தே பொருத்த வேண்டும். மாற்றினால் சூடேறி வெடிக்கக்கூடும். மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கும். பழுதுபார்க்குமுன் தகுந்த மின்தடை வழியாக அதை இறக்கி, மீட்டரால் அளந்து உறுதிசெய்ய வேண்டும்.